நானா திரும்பி வருவாளா?

தொடங்கி வைப்பவர், வெள்ளவத்தை:

'நானா' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையை இன்னும் வாசிக்காதவர்கள் இதோடு நின்றுவிடுங்கள். கதை முழுக்க உடையப் போகிறது.

ஆய் யசாவா 2000 இல் தொடங்கிய தொடர் இது. டோக்கியோ போகும் ரயிலில் இருபது வயதுப் பெண்கள் இரண்டு பேர் சந்திக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பெயர் நானா. ஒருத்தி பாடகி. மற்றவள் காதல் காதல் என்று உருகுகிறவள், அவளுக்குச் செல்லப்பெயர் ஹச்சி. இருவரும் ஏழாம் மாடியில் 707 ஆம் அறையில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் நானா என்றால் ஏழு, ஹச்சி என்றால் எட்டு. 2009 ஜூனில் ஆசிரியைக்குக் கடும் சுகவீனம் வர, கதை 21 தொகுதிகளோடு அப்படியே நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்பே வருங்காலக் காட்சிகள் சிலதை அவர் கீறிக் காட்டிவிட்டார். அதில் பாடகி நானா காணாமல் போயிருக்கிறாள். மற்றவர்கள் 707 இல் கூடிக் காத்திருக்கிறார்கள். நாங்களும்தான்.

இந்த முடிவைப் பற்றி எதிர்பாராத ஆளோடு, எதிர்பாராத இடத்தில் கதைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். என்னுடையது இது.

2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். லிப்ட் இல்லை. நான் மரக்கறிப் பையோடு ஏழாம் மாடிக்கு ஏறுகிறேன். நாலாம் மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, "கடவுளே, 707க்கு ஏறுற மாதிரிக் கிடக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டடத்திலும் லிப்ட் கிடையாதே. பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று, இரண்டு வருடமாக வெறும் சிரிப்போடு போகிறவள், டோர்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா, நானா செத்திட்டாவா இல்லையா? உங்கட முடிவென்ன?"

அவள் செத்துவிட்டாள் கட்சி. ஹச்சி கதை முழுக்க நானாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் சொல்கிறாள், உயிரோடு இருக்கிற ஆளோடு யாரும் அப்படிக் கதைப்பதில்லையாம். "செத்த ஆளோட இவ்வளவு உரிமையா யாரும் கோவிப்பினமோ?" என்று நான் கேட்டேன். "எங்கட அம்மம்மா தாத்தாட படத்தோட தினம் காலமை சண்டை பிடிக்கிறா அக்கா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு இன்னொன்றையும் எடுத்துப் போட்டாள். ஹச்சி என்ற பெயர் ஹச்சிகோ நாயிலிருந்தும் வந்தது. 1925 இல் எசமான் இறந்தது தெரியாமல், 1935 இல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த நாய். "பேர் வைக்கேக்கையே முடிவைச் சொல்லிட்டா அக்கா." மரக்கறிப் பையில் இருந்த கீரை வாடும்வரை கதைத்தோம். எனக்கு இன்றுவரை அந்த நாய் விசயம்தான் உறுத்துகிறது.

தெமட்டகொடையிலிருந்து ஒரு ராத்தா:

எங்கட வீட்டுல இந்தக் கதைக்குப் பேரே வில்லங்கம். நான் ஏ.எல். படிக்கிற காலம், இரவில கூட்டாளியோட போன்ல, "நானா காணாமப் போன பிறகு ஹச்சி எப்பிடி இருப்பா சொல்லு" எண்டு அழுதுகொண்டு இருந்தன். உம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துட்டாங்க. "யார்ட நானாடி காணாமப் போன? பொலிசுக்குச் சொன்னாங்களா?"

எங்களுக்கு நானா எண்டா மூத்த சகோதரன்தானே. அது ஆளில்ல, கதையில வாற பொம்பளை எண்டு விளங்க வைக்க அரை மணித்தியாலம். பொம்பளைக்கு எவன் நானா எண்டு பேர் வெச்ச எண்டு அதுக்குத் தனியா ஒரு அரை மணித்தியாலம்.

சும்மா இல்ல, உம்மா முழுக் கதையையும் சொல்ல வெச்சிக் கேட்டாங்க. ஹச்சிட பிள்ளைக்கு வாப்பா, அவ பழகின ரெண்டு பேர்ல டகுமியா நோபுவா எண்டு உலகமே சண்டை பிடிக்குது இல்லியா? உம்மா ஒரே வசனத்துல முடிச்சாங்க: "யார்ட பிள்ளையா இருந்தாலும் நான் பாக்குறன் எண்டு எவன் சொன்னானோ அவன்தான்." அப்பிடிச் சொன்னது டகுமி. நான் நோபு கட்சி. மனுசன் நல்லவன், ஆனா அந்த நேரத்துல தடுமாறிட்டான். இண்டைக்கும் வீட்டுல நோபு பேரை எடுத்தா உம்மா, "அந்தத் தடுமாறுறவனா?" எண்டு கேப்பாங்க. எனக்கு வந்த ரெண்டு கலியாணப் பேச்சு இந்த அளவுகோலாலதான் உடைஞ்சது, அது வேற கதை.

கொட்டாஞ்சேனை, போட்டோகொப்பி கடையில் முன்பு வேலை செய்தவர்:

நான் ஹட்டன் பக்கம். கொழும்புக்கு வேலைக்கு வந்த புதுசுல கடையில இந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தே கதையைப் படிச்சவன். அதுவும் துண்டு துண்டா, நடுவுல இருந்து. ரென் கார் விபத்துல சாகுறது எனக்கு முதல்ல தெரியும், அந்த ரென்தான் பாடகி நானாவோட காதலன்ங்கிறது பிறகுதான் தெரியும்.

ஒரு ஸ்கூல் பிள்ளை, கடைசி அத்தியாயம் 84ஐப் பிரிண்ட் எடுத்து, பின்னால இருவது வெள்ளைத்தாள் வச்சு ஸ்பைரல் போடச் சொல்லிச்சு. எதுக்கும்மான்னு கேட்டேன். "அவங்க முடிக்கலன்னா நான் முடிப்பேன் அண்ணா" அப்படின்னுச்சு. காசு அஞ்சு ரூபா குறைவா இருந்துச்சு, விட்டுட்டேன்.

ஆறேழு மாசம் கழிச்சு, ஸ்பைரல் கழண்டு போச்சுன்னு அதே புத்தகத்தைக் கொண்டு வந்துச்சு. மாத்துற சாக்குல பின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்துல மட்டும் பென்சில்ல ஒரு கதவு, 707ன்னு நம்பர். அழிச்சு அழிச்சுக் கீறி தாள் மெலிஞ்சு போயிருந்துச்சு. மத்த பத்தொம்பது தாளும் வெறுமனே. நான் ஒண்ணும் கேக்கல.

பம்பலப்பிட்டி, வயதில் மூத்தவர்:

பிள்ளைகள், முப்பது வருசத்துக்கு மேலாகச் சித்திரக்கதை வாசிக்கிறேன். சுகமில்லாத மனுசியை முடிவு கேட்டு நச்சரிக்காதீர்கள். அவர் 2010 இல் ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் ஆளாளுக்கு 'அடுத்த மாதம் தொடங்கும்' என்றார்கள். 2022 இல் டோக்கியோவில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தபோதும் அதே பேச்சு. 'கிளாஸ் மாஸ்க்' என்று இன்னொரு ஜப்பானியச் சித்திரக்கதை இருக்கிறது, 1976 இல் தொடங்கியது. 49 ஆம் தொகுதி 2012 இல் வந்தது, ஐம்பதாவதைக் காணோம். அந்த நாயகிக்கு ஊதா ரோஜா அனுப்புகிறவன் வாய் திறப்பானா என்று பார்த்துப் பார்த்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. நீங்கள் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளவத்தை, இன்னொருவர்:

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என்ர பெரியம்மா வன்னியில் இருக்கிறா. 2009 மேக்குப் பிறகு அவவின்ர இரண்டாவது மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வருசத்தில் இரண்டு மூன்று தரம் கொழும்புக்கு வந்து, ஏதாவது ஒரு அலுவலகத்தில் கடிதம் குடுத்துவிட்டு எங்களோடு நிற்பா. அப்படி நின்ற ஒரு இரவு நான் போனில் இதை வாசிப்பதைக் கண்டு, "படக்கதையோ, எனக்கும் சொல்லன்" என்றா. மேலோட்டமாகச் சொன்னேன். காணாமல் போன இடம் வரும்போது தாண்டிப் போகப் பார்த்தேன். விடவில்லை.

"தேடினவையோ?"

நானாவின் பாட்டுக்குழுவில் இருந்த யாசு தேடிப் போகிறான் என்றேன். இங்கிலாந்தில், பொன்னிற முடியோடு நானா ஒரு இடத்தில் பாடிக்கொண்டிருக்கும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரப் பிடித்து, கனநேரம் பார்த்தா. "முடியை மாத்தியிருக்கிறாள். ஆனா முகம் அதுதான். உயிரோட இருக்கிறாள் எண்டு கீறிப்போட்டா எல்லே? பிறகென்ன."

நான் அதுவரை செத்துவிட்டாள் கட்சி. அன்றிலிருந்து வாய் திறப்பதில்லை. மேலே எழுதிய அந்த நாய்க் கதையும் எனக்கு முன்பே தெரியும். பெரியம்மாவுக்கு அதை மட்டும் சொல்லவில்லை.

இப்ப அவ எடுத்தால் முதலில் என் சுகம் கேட்பா, பிறகு அம்மாவின்ர கால்வலி. வைக்கும் முன் குரலைத் தணித்துக் கேட்பா: "பிள்ளை, அந்தக் கதை எழுதுற மனுசி எழும்பிட்டாவோ?"