சொல் வேண்டும்: ‘நோக்கமுணர்தல்’ சரியா?

வணக்கம். மட்டக்களப்பில் முதியோரைப் பராமரிப்பவர்களுக்கான கைந்நூலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும். கதவு, கட்டில், அடுப்பில் உணரிகள் பொருத்திய வீடு, உள்ளே இருக்கும் முதியவர் என்ன செய்ய எண்ணுகிறார் என்று கணிக்கிறது. இந்தக் கணிப்புக்குத்தான் (ஆங்கிலத்தில் intention recognition) தமிழ்ச்சொல் வேண்டும். ‘செயலறிதல்’ போதாது. எழும்பி நடப்பது செயல். தண்ணீர் குடிக்கவா, படலையைத் திறந்து வெளியே போகவா என்பதுதான் கேள்வி. ‘நோக்கமுணர்தல்’ என்று எழுதியிருக்கிறேன்.

*காரைதீவிலிருந்து:*
தங்கச்சி, ‘நோக்கு’ முதலில் கண்பார்வை. “இருநோக்கு இவளுண்கண் உள்ளது” என்ற குறளை நினையுங்கள். அது வரும் 110ஆம் அதிகாரத்தின் பெயரே ‘குறிப்பறிதல்’. பொருட்பாலில் 71ஆம் அதிகாரத்துக்கும் அதே பெயர். காதலர்க்கும் அமைச்சர்க்கும் பொருந்திய சொல் வீட்டுக்குப் பொருந்தாதா? 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து கேட்கிறேன்: கையிலுள்ள சொல்லை விடலாமா?

*ஆரையம்பதியிலிருந்து:*
சேர், குறிப்பறிதலில் குறிப்புத் தருபவர் ஒருவர் இருக்கிறார். எண்ணத்தைக் கணிக்கும் இந்தக் கணினித் துறையில் 1980களிலேயே இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: விளங்கிக்கொள்ளட்டும் என்று ஒருவர் காட்டுவதை அறிவது ஒன்று, பார்க்கப்படும் நினைப்பே இல்லாதவரைத் திறப்புத் துவாரத்தால் பார்த்து ஊகிப்பது மற்றது. இந்த வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

எங்கட அம்மா இரவு இரண்டு மணிக்கு எழும்புவா. செருப்பை மாட்டினால் கிணற்றடி. வெறுங்கால் என்றால் குசினி. சில நாள் வெறுங்காலோடு குசினிக்குப் போய், இல்லாத அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றுவா. அவ ஒரு குறிப்பும் தருவதில்லை. நான்தான் ஊகிக்கிறேன், பிழைக்கிறேன். இயந்திரமும் பழைய நாட்களின் வழக்கத்தை வைத்து நிகழ்தகவுதான் கணக்கிடுகிறது. ‘அறிதல்’ என்று எழுதினால் பராமரிப்பவர் அதை அப்படியே நம்பிவிடுவார். ‘எண்ண ஊகம்’ என்று வையுங்கள்.

*கல்முனையிலிருந்து:*
‘ஊகம்’ வடசொல். நன்னூல் சொல்லும் 32 நூல் உத்திகளில், சொல்லாததை வாசிப்பவரே உணர வைக்கும் ‘உய்த்துணர வைப்பு’ இருக்கிறதே: ‘எண்ணம் உய்த்துணர்தல்’. ‘சாவி’ போர்த்துக்கேயம், நம்முடைய ‘திறப்பு’தான் தமிழ் என்று பெருமைப்படுகிறோம், இங்கும் அந்தக் கவனம் வேண்டும்.

*ஆரையம்பதியிலிருந்து:*
குசினியும் போர்த்துக்கேயம்தான், அண்ணன். அதைச் சொன்னால்தான் அம்மாவுக்கு விளங்கும். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ‘உய்த்துணர்தல்’ விளங்காது.

*கைந்நூல்காரி:*
பதில் எழுதிய ஏழு பேரில் நால்வர் ‘குறிப்பறிதல்’ பக்கம். தலைப்பில் அதையும் பந்திகளில் ‘எண்ணத்தை ஊகித்தல்’ என்பதையும் போடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

*ஆரையம்பதியிலிருந்து:*
தலைப்புத்தான் மனதில் நிற்கும், தங்கச்சி. வியாழன் இரவு வரை நேரமிருக்கிறது. அதையும் மாற்றுங்கள்.