அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்கிய எழுபதுகளின் ஜாஸ் தட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

தொடங்குபவர், ஷ்டுட்கார்ட்

எட்டு யூரோ கொடுத்து வாங்கிய ஒரு தட்டு என்னை ஒரு வாரம் படுத்திவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

இங்கே சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை கூடும். பீங்கான் கோப்பைகளுக்கும் பூட்டில்லாத சாவிகளுக்கும் நடுவே ஒரு பெரியவர் வாழைப்பழப் பெட்டிகளில் எல்.பி.க்களை நிறுத்தி வைத்திருப்பார். போன மாதம் அதிலிருந்து எபர்ஹார்ட் வேபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ வெளியே வந்தது. “இவர் இந்த ஊர்க்காரர்” என்றார் பெரியவர், விலையைக் குறைக்க முடியாது என்பதற்குக் காரணம் சொல்வதுபோல. வேபர் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர் என்பது எனக்கும் தெரியும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி அட்டையைத் திருப்பினேன். வாசித்தவர்கள் நான்கு பேர். வேபர் பேஸ் (தாழ்ந்த சுரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), ரைனர் ப்ரூனிங்ஹவுஸ் பியானோவும் பிற கீபோர்டுகளும், யோன் கிரிஸ்டென்சன் டிரம்ஸ். சார்லி மரியானோவின் பெயருக்கு எதிரே சோப்ரானோ சாக்சபோன், ஷெனாய், நாகஸ்வரம்.

சந்தையில் நின்றபடி அந்த ஒரு சொல்லை மூன்று முறை படித்தேன். நான் மாயவரத்துக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவன். கோயில் மதிலுக்குள் ஊறிக்கிடந்த சத்தம் அது. 1975 செப்டம்பரில் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லுட்விக்ஸ்பர்க்கின் ஒலிப்பதிவுக்கூடத்தில் அது கேட்டிருக்கிறது. அந்த ஊர் வழியாக நான் நாலு வருடமாக வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன்!

மரியானோ யாரென்று தேடிப் படித்தேன். பாஸ்டனில் 1923இல் பிறந்தவர். ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டு ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’யில் ஆல்ட்டோ சாக்சபோனில் கதறுபவர் இவர்தான். (அந்தத் தட்டின் அட்டைக் குறிப்புகளில் ஒரு பகுதியை எழுதியவர் மிங்கஸின் மனநல ஆலோசகர். அட்டை படிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொற்றியது.) அறுபதுகளில் மலேசியாவில் இருந்தபோது நாகஸ்வரம் இவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து கற்றுக்கொண்டார். நம் ஊரில் இவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து முள்ளை வைத்தேன். மொத்தம் நான்கே உருப்படிகள். அதில் ‘சாண்ட் கிளாஸ்’ மட்டும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. மரியானோ அவசரமே படவில்லை. கல்யாண வீட்டில் கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கும் பதற்றம் அதில் துளியும் இல்லை.

அதன் பின் அவருடைய 1976ஆம் ஆண்டு ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டைத் தேடினேன். அதன் பெயர்ப்பட்டியலே ஒரு விருந்து. யான் ஹாமர், ஜாக் புரூஸ், ஜான் மார்ஷல், முப்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்த போலந்து வயலின்காரர் ஸ்பிக்னியெவ் சைஃபெர்ட். இணையத்தில் ஒருவர் “கீறலே இல்லை” என்று சத்தியம் செய்து விற்றார். சொன்னது உண்மைதான், கீறல் இல்லை. ஆனால் தட்டு அப்பளம்போல் வளைந்திருந்தது. முள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. பணம் திரும்ப வரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு அட்டை வாய்த்திருக்கும். எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, என் கதை தம்புராவில் தொடங்குகிறது. தம்புரா ஒலிக்கும் ஒரு தட்டு: ஹார்ப் வாசிக்கும் ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. அது அரிய தட்டு இல்லை, எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் அந்தச் சுவாமி சச்சிதானந்தர் எங்கள் செட்டிப்பாளையத்துக்காரர் என்பது வெளியூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவரும் அவர்தான். ஊர்ப் பாசத்தில் வாங்கிய தட்டு, கடைசியில் என்னை இழுத்துப்போனது ஒரு பேஸ்காரரிடம்.

முதல் உருப்படியில் பேஸ் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். செக்கு மாடுபோல என்று முதலில் நினைத்தேன். பத்தாவது முறை கேட்டபோதுதான், மொத்தக் கட்டடமும் அதன் தோளில் நிற்கிறது என்று புரிந்தது. அட்டையைத் திருப்பினால் செசில் மெக்பீ. அவர் தலைமையில் வந்த முதல் தட்டு ‘முடிமா’, 1974. அதன் முதல் உருப்படியில் அவர் மட்டும்தான். தன் பேஸின் மேலேயே இன்னொரு பேஸை வாசித்துப் பதிந்திருக்கிறார். பதினோரு நிமிடம். என் மனைவி அதை “மரம் அறுக்கும் பாட்டு” என்பார். ஒரு வகையில் சரிதான்.

அதை வெளியிட்டது ஸ்ட்ராட்டா ஈஸ்ட். டிரம்பெட் வாசிக்கும் சார்லஸ் டாலிவரும் பியானோக்காரர் ஸ்டான்லி கவுலும் 1971இல் நியூயார்க்கில் தொடங்கியது. மூல ஒலிநாடா, அந்த இசையை வாசித்தவருக்கே சொந்தம், செலவும் பெரும்பாலும் அவருடையதே. அதனால் குறைவாகத்தான் அச்சடித்தார்கள். இன்று முதல் அச்சின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நான் மறு அச்சோடு திருப்தி அடைந்தவன். முதல் அச்சுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இசையை வாங்குவதில்லை, பத்திரப் பதிவு செய்கிறார்கள் என்பது என் கட்சி. திட்டுவதென்றால் திட்டுங்கள்.

அந்த நிறுவனத்தில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் கிளிஃபோர்ட் ஜோர்டனின் ‘கிளாஸ் பீட் கேம்ஸ்’, 1974, இரட்டைத் தட்டு. டெனர் சாக்சபோன். இரண்டு குழுக்கள் மாறி மாறி வாசிக்கின்றன, டிரம்ஸில் மட்டும் இரண்டிலும் பில்லி ஹிகின்ஸ். பேஸ் வாசிக்கும் இருவரில் ஒருவரான பில் லீ, திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயின் தந்தை. பால் ராப்சனுக்கு, ஜான் கோல்ட்ரேனுக்கு, கேல் மாசிக்கு என்று ஆளுக்கொரு உருப்படி. ஜோர்டன் குரலை உயர்த்துவதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசும் பெரியவர்போல வாசிக்கிறார்.

சென்னையிலிருந்து

நான் எந்த அட்டையையும் திருப்பவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூப் தானாகப் போட்டுக் கொடுத்தது. ரியோ ஃபுகுயியின் ‘சீனரி’, 1976. சப்போரோவில் வாழ்ந்த பியானோக்காரர், இருபத்திரண்டு வயதில் தானாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கியவர். அதில் ‘எர்லி சம்மர்’ கேட்டுப் பாருங்கள். ஆறே வருடப் பழக்கம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். 2016இல் இறந்துவிட்டார். பிடித்திருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அதே தட்டை அதே இயந்திரம்தான் பரிந்துரைத்தது என்று தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கும்பகோணத்திலிருந்து

ஷ்டுட்கார்ட் தம்பிக்கு வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். நான் மட்டும் வங்கி வேலைக்குப் போய்த் தப்பித்தவன். நீங்கள் சொன்ன தட்டை இணையத்தில் கேட்டேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்ட காதுக்கு இது பசி தீர்க்கவில்லை. கமகம் (சுர அசைவு) இல்லை, கார்வை (சுர நீட்டல்) இருக்கிறது. பிருகா (வேகமான சுரச் சுழல்) இல்லை. தவில் இல்லாததால் வாத்தியம் தனியாகக் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நாகஸ்வரம் வெட்டவெளிக்கான வாத்தியம். அதைக் கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன் வைத்து அடக்கி வாசிக்கச் சொன்னால் யானையைத் திண்ணையில் கட்டியது போலத்தான்.

கோலாலம்பூரிலிருந்து

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வருடாவருடம் இந்த வாத்தியத்தைக் கேட்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் எங்கள் ஊரில்தான் இதில் மயங்கினார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் முப்பது ஜாஸ் தட்டுகள் இருக்கின்றன, ஒன்றில்கூட மரியானோ இல்லை. வெட்கமாக இருக்கிறது. தேடப் போகிறேன்.

தொடங்கியவர், ஷ்டுட்கார்ட்

கும்பகோணத்து ஐயா, கோபமே இல்லை. நீங்கள் சொன்ன குறைகள் அனைத்தும் உண்மை. ஆனால் அவர் தோடி வாசிக்க வரவில்லையே. சாக்சபோனில் முப்பது வருடத்துக்கு மேல் பழகிய உதடு, நாகஸ்வரத்தின் ஊதும் நாணலான சீவாளியைக் கவ்வும்போது என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: வீட்டில் வாசிக்கும் பெரியவர் யாராவது இருந்தால், பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

போட்டுக் காட்டிவிட்டேன். எழுபத்தெட்டு வயது சித்தப்பா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாகஸ்வரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “கீழே ஒருத்தன் பாடிக்கொண்டே இருக்கிறானே, அது என்ன வாத்தியம்?” என்றார். வேபரின் பேஸ் என்றேன். “சுருதிக்கு ஒத்து ஊதுகிறவன் இப்படி அமைந்தால் யாருக்குத்தான் தவில் வேண்டும்?” என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் போடச் சொன்னார். கைபேசியில் மறுபக்கம் கிடையாது என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அந்தச் சந்தைப் பெரியவரின் பெட்டியில் இன்னொரு பிரதி இருக்கிறதா, தம்பி? எட்டு யூரோவோடு தபால் செலவும் அனுப்புகிறேன்.