கலைச்சொல் வேண்டும்: லூக்கஃபெரசிஸ்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். தீவிர இரத்தப் புற்றுநோயில் சிலருக்கு வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 1,00,000க்கு மேல் ஏறிவிடும். இயல்பில் 4,000 முதல் 11,000 வரைதான். முதிராத அந்த அணுக்கள் நுரையீரலிலும் மூளையிலும் நுண்குழாய்களை அடைத்தால் மூச்சுத்திணறல், மனக்குழப்பம், பார்வை மங்கல் எல்லாம் வரும். அப்போது இரத்தத்தை எந்திரத்துக்குள் எடுத்துச் சுழற்றி, வெள்ளணு அடுக்கை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதுதான் லூக்கஃபெரசிஸ். 'வெள்ளணு நீக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

-----

களைவு இருக்க நீக்கம் எதற்கு? வேண்டாததை எடுத்து வேண்டியதை வாழவிடுவது களைதல். குறள் 550இல் 'பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்ற இடத்தில் கட்டல் என்பதே களைபறித்தல்தான். கள், கட்டல், களை, களைதல் எல்லாம் ஒரு குடும்பம். களவும் இந்த வேர்தான் என்பது என் துணிபு, அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். 'வெள்ளணுக் களைவு' என்க. வெள்ளையணு என்று எழுதுவதையும் விடுவோம்: தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும், ஆகவே வெள்ளணு.

-----

ஐயா, வெள்ளையணுவும் பிழையில்லை. வெள்ளை கூட்டல் அணு, யகர உடம்படுமெய், அவ்வளவுதான்.

வார்டில் வேலை செய்பவளாக ஒன்று சொல்கிறேன். படிவத்தைப் பெரும்பாலும் நாங்கள்தான் வாசித்துக் காட்டுகிறோம். 'களைவு' என்றால் காதில் களைப்பு என்றுதான் விழும், நோயாளியோ ஏற்கெனவே களைத்துப்போய்ப் படுத்திருப்பவர். 'நீக்கம்' எனக்கு இன்னும் பயம். நோயே நீங்கிவிடும் என்று வீட்டார் நம்பிவிடுவார்கள். ஒரு முறை செய்தால் எண்ணிக்கை ஏறக்குறைய 30 முதல் 60 சதவீதம் குறையும், ஆனால் மஜ்ஜை சும்மா இருக்காது, கீமோ தொடங்காவிட்டால் திரும்ப ஏறிவிடும். ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. இரத்தப் புற்றுநோயிலேயே ப்ரோமைலோசைட்டிக் என்றொரு வகை உண்டு, அதில் இரத்தக்கசிவுக்குப் பயந்து பொதுவாகச் செய்வதே கிடையாது.

அப்புறம், இதே எந்திரத்தில்தான் கொடையாளரிடமிருந்து தட்டணுவும் (பிளேட்லெட்) ஸ்டெம் செல்லும் எடுக்கிறோம். கொடுக்க வந்தவரிடம் போய் 'நீக்கம்' என்றா சொல்வது? 'பிரித்தெடுப்பு' என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும்.

-----

இலங்கையில் நாங்கள் வெள்ளணுவை வெண்குழியம் என்றுதான் படித்தனாங்கள். படிவம் எங்கட ஆட்களுக்கும் போகுமென்றால் அதையும் ஒருக்கா யோசியுங்கோ. பிரித்தெடுப்புக்கு என் ஆதரவு.

-----

பிரித்தெடுத்தல் என்பது தாதுவிலிருந்து உலோகம் எடுப்பதற்கு வேதியியலார் வைத்திருக்கும் பெயர். ஒரு துறைக்கு வைத்ததை இன்னொரு துறைக்கும் பூட்டினால் கலைச்சொல் எதற்கு? புரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் விளக்கமாகவே எழுதிக்கொண்டிருந்தால் தமிழில் துறைச்சொற்கள் வளராது. களைவும் நாலு முறை கேட்டால் பழகிவிடும்.

-----

ஐயா, பழகுவதற்கு இந்த நோயாளிக்கு நேரம் இல்லை. அன்றே விளக்கி, அன்றே கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

-----

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் 'மிகை வெள்ளணுப் பிரித்தெடுப்பு' என்று போட்டு, பக்கத்திலேயே லூக்கஃபெரசிஸ் என்றும் எழுதிவிடுகிறேன், டாக்டர் வாயிலிருந்து அதைத்தான் கேட்பார்கள். 'நோயைக் குணமாக்கும் சிகிச்சை அல்ல' என்பதைத் தனி வரியாகச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் இதற்கு இசைந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று பாக்கி. இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டைச் சுற்றி ஒரு மாதிரி உணர்வு வரும், வந்தால் உடனே சொல்லச் சொல்ல வேண்டும். அகராதி 'விறுவிறுப்பு' என்கிறது, துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது.

-----

மதமதப்பு. பெரும்பாலோரில் நான் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், என் பட்டியலில் களைவு என்றே இருக்கும்.