ஒலிக்கூறறிவு: கொழுந்துக்குள்ள எத்தன சத்தம்?

அண்ணே, போனொலாஜிக்கல் அவேர்னஸுக்கு தமிழ்ல ஒரு சொல் தேடுறோமே, அதுக்கு நீங்க போட்ட "ஒலியனியல் விழிப்புணர்வு" எனக்கு ஒத்து வரல, கோவிச்சிக்காதீங்க. போனொலாஜிக்கல் அவேர்னஸ்னா என்ன, ஒரு சொல்லோட அர்த்தத்த ஓரமா வச்சிட்டு அதுக்குள்ள இருக்குற சத்தத்த பிரிக்க, சேக்க, ஒன்ன எடுத்துட்டு மிச்சத்த சொல்ல தெரியறது. அதுக்கு போயி விழிப்புணர்வுன்னா, டெங்குக்கு மைக் கட்டிக்கிட்டு தோட்டத்து லயத்துப் பக்கம் ஆட்டோ வருமே அதான் ஞாபகம் வருது.

அக்கா சொன்ன "ஒலியுணர்வு" சின்னதா நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வருஷம் நானே ஒரு அம்மாகிட்ட, புள்ளைக்கு ஒலி உணர்வு கொறவா இருக்குன்னு வாய் தவறி சொல்லிட்டேன், அவங்க ஒருநாள் பேர, அதான் அன்னைய சம்பளத்த, விட்டுட்டு புள்ளைய காது டொக்டர்கிட்ட கூட்டிக்கிட்டு போயிட்டு வந்து, காதுல ஒன்னும் இல்லையாமே சார்னு கேக்குறாங்க. எனக்கு மூஞ்ச எங்க வைக்கறதுன்னு தெரியல. இந்த பிரச்சினை காதுல இல்ல, கேட்ட சத்தத்த மனசுக்குள்ள பிரிக்கறதுல. டிஸ்லெக்சியா உள்ள நெறைய புள்ளைங்க எழுத்துக்கூட்டி வாசிக்க தடுமாறுறதுக்கு இதுதான் ஒரு முக்கியமான காரணம், அதனாலதான் இந்த சொல்லுல இவ்ளோ மல்லுக்கட்டுறேன்.

மூணாவது "அசையுணர்வு". இதுதான் ரொம்ப ஆபத்து, ஏன்னா அசை நம்ம யாப்புல ஏற்கனவே வேலையில இருக்கு. "கொழுந்து"ன்னு எடுத்துக்கங்க. எங்க ரெண்டாந்தர புள்ளைங்கள கை தட்டி சொல்லச் சொன்னா கொ-ழுந்-து, மூணு தட்டு (இங்கிலீஷ்ல சிலபல்ம்பாங்களே, அது). எழுத்த எண்ணுனா நாலு. யாப்பு படிச்சவர் வந்து கொழுந்-து, நிரை நேர், ரெண்டே அசைம்பாரு. தனித்தனி சத்தமா உரிச்சா க், ஒ, ழ், உ, ந், த், உ, ஏழு. (கடைசி உகரம் குற்றியலுகரம், அத அரைன்னு கொறைக்க வர்றவங்க தயவுசெஞ்சு வேற நாள் வாங்க.) போதாததுக்கு கொம்பு எழுத்துல கவன்னாவுக்கு முன்னாடி நிக்குது, சத்தத்துல பின்னாடி வருது. கொப்பியில "கொளுந்து"ன்னு எழுதுற புள்ளைக்கு இதுல ஒரு கொறையும் கெடையாது, வீட்ல கேட்டத அப்படியே எழுதியிருக்கு.

இந்த தட்டு விசயம் புதுசு இல்ல. 1974ல அமெரிக்காவுல இசபெல் லிபர்மன்னு ஒரு ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் புள்ளைங்க கையில குச்சிய குடுத்து மேசையில தட்டச் சொன்னாங்க. நாலு வயசுல கிட்டத்தட்ட பாதிப் பேர் நம்ம "தட்டு" அளவுக்கு பிரிச்சாங்க, தனிச் சத்தமா பிரிக்க ஒருத்தராலயும் முடியல. முதலாம் வகுப்பு முடியறப்ப 70 சதவீதம் பேருக்கு அதுவும் வந்திருந்துச்சு. 1979ல மொராயிஸ்னு இன்னொரு ஆய்வாளரோட குழு போர்த்துகல்ல எழுதப்படிக்கத் தெரியாத பெரியவங்ககிட்ட பாத்தாங்க, சொல்லோட மொத சத்தத்த எடுக்கறது அவங்களுக்கும் ரொம்ப கஷ்டம்.

எங்க அப்பாயிகிட்ட நான் இத கேட்டுப் பாத்திருக்கேன். பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனுசி, ஒப்பாரியில எதுகை ஒன்னு தப்பாது. "மாடு"ல "ம்"ம மட்டும் எடுத்துட்டு சொல்லு அப்பாயின்னா, "டு". இல்ல அப்பாயி, "ஆடு"ன்னேன். "மாட்ட கேட்டுட்டு ஆட்ட சொல்றியேடா"ன்னு சிரிச்சிட்டு வெத்தலைய எடுத்துருச்சு.

ஆக இது தானா வர்ற உணர்வு இல்ல, பெரும்பகுதி எழுத்தோட சேந்து படிச்சு வர்றது. அதனாலதான் உணர்வ விட்டுட்டு அறிவுக்கு வந்தேன்: "ஒலிக்கூறறிவு". கூறுன்னா சந்தையில மீன கூறு போட்டு விக்கறமே அதே கூறுதான், பெருசாவும் போடலாம் சின்னதாவும் போடலாம், தட்டும் கூறு, தனிச் சத்தமும் கூறு. வகுப்புல "இந்த சொல்ல கூறு போடு"ன்னா புள்ளைக்கு வெளக்கவே வேண்டாம். "றறி" நாக்குல கொஞ்சம் சிக்குது, ஒத்துக்குறேன், "ஒலிக்கூற்றறிவு"ன்னு மாத்தலாமான்னு பாத்தேன், அது "கூற்று" பக்கம் போயிருது.

சிலபலுக்கு "தட்டு"ன்னே வச்சிக்கலாமா, இல்ல சோத்துத்தட்டுன்னு சிரிப்பாங்களா? அக்காதான் சொல்லணும், அவங்க வகுப்புலதான் ஒன்னாந்தரம் இருக்கு.