போல்ட் இறுகுகிறது, பெரியப்பா: குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு காலை

தம்பி (கால்கரி), காலை 7.04
பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? இங்கே சனிக்கிழமை இரவு ஏழரை. ஒரு சந்தேகம். என் ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கிக்கு வேறு ட்ரிகர் வாங்கி இன்று நானே மாட்டினேன். ட்ரிகர் அருமையாக இருக்கிறது. ஆனால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற, கைப்பிடி வைத்த உருளை) இறுகிவிட்டது. நேற்று வரை இரண்டு விரலால் மூடியதை இப்போது உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருக்கிறது. நவம்பரில் மான் வேட்டைக்குப் போக வேண்டும்.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 7.11
எழுந்து காபியும் ஆயிற்று. முதலில் இதற்குப் பதில் சொல். தோட்டா எங்கே இருக்கிறது?

தம்பி (கால்கரி), காலை 7.12
தனிப் பெட்டியில் பூட்டி வீட்டுக்குள் இருக்கிறது. நான் கராஜில் இருக்கிறேன். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்தேன், விரலாலும் தொட்டுப் பார்த்தேன். மேகசின் காலி. குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறது. லைசென்ஸ் வகுப்பில் சொல்லிக் கொடுத்த வரிசைப்படியே செய்தேன்.

அக்கா (எட்மண்டன்), காலை 7.13
குழந்தைகள்?

தம்பி (கால்கரி), காலை 7.13
தூங்குகிறார்கள் அக்கா. கராஜ் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 7.16
நல்லது. இனி ஒவ்வொரு தடவை கையில் எடுக்கும்போதும் சேம்பரை மறுபடி பார். பார்த்ததுதானே என்று விடாதே.
இப்போது சொல். எந்த இடத்தில் இறுகுகிறது? முன்னும் பின்னும் தள்ளும்போதா, கைப்பிடியைக் கீழே திருப்பும்போதா, மேலே தூக்கும்போதா? "இறுகுகிறது" என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது.

தம்பி (கால்கரி), காலை 7.21
முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போகிறது. கைப்பிடியைக் கீழே திருப்பும்போது கடைசிக் கால்வாசி இறுக்கம். தூக்கும்போது ஆரம்பத்தில் இறுக்கம், அப்புறம் விட்டுவிடுகிறது.

அத்தான் (எட்மண்டன்), காலை 7.24
புதிய ட்ரிகரில் சியர் என்கிற பிடிப்பு விளிம்பு கொஞ்சம் உயரமாக இருக்கும். என் நண்பர் ஒருவர் எமரி தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தார், சரியாகிவிட்டது. அதைச் செய்து பார்.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 7.25
மாப்பிள்ளை, அது வேண்டாம். தம்பி, சியரில் எமரியும் படக்கூடாது, அரமும் படக்கூடாது.
தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஃபயரிங் பின்னைப் பின்னால் இழுத்துப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு விளிம்புதான். பல ட்ரிகர்களில் அந்த முகத்துக்கு மேல்தோல் மட்டும் கடினமாக்கியிருப்பார்கள். அந்தத் தோல் போய்விட்டால் உள்ளே மெத்தென்ற இரும்பு. கோணம் ஒரு இழை மாறினாலும் பிடிப்பு குறையும். போல்ட்டை வேகமாக மூடினாலே, ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும். முப்பத்து நாலு வருஷம் துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன். எங்கே உரசுகிறது என்று தெரியாமல் நான் எதையும் ராவியதில்லை.

அத்தான் (எட்மண்டன்), காலை 7.27
சரிங்க மாமா. நான் அதை யோசிக்கவில்லை.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 7.34
சியர் காரணமா இல்லையா என்பதை ஒன்றும் கழற்றாமலே பார்க்கலாம். உன் துப்பாக்கியில் கைப்பிடியைத் தூக்கும்போதுதான் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் அழுந்துகிறது. போல்ட்டின் பின்பக்கம் சரிவாக ஒரு வெட்டு இருக்கும். கைப்பிடி எழும்போது அந்தச் சரிவு, ஃபயரிங் பின்னின் பின்முனையில் இருக்கிற காக்கிங் பீஸைப் பின்னால் தள்ளும். மூடும்போது சியர் குறுக்கே வந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.
சியர் அதைச் சீக்கிரமே பிடித்தால், அழுந்தாமல் மிச்சமிருக்கும் ஸ்பிரிங்கை நீ மூடும்போது அழுத்த வேண்டியிருக்கும். மூடுவது கனக்கும், சுடாமல் திரும்பத் தூக்கினால் லேசாக இருக்கும்.
தாமதமாகப் பிடித்தால் தலைகீழ். மூடுவது லேசு, தூக்குவது கனம்.
இப்போது போல்ட்டை மூடு. ட்ரிகரைத் தொடாதே. அப்படியே தூக்கு. எப்படி இருக்கிறது?

தம்பி (கால்கரி), காலை 7.38
மூடும்போதும் கனம், தூக்கும்போதும் கனம். ஐந்து தடவை செய்தேன், ஐந்திலும் அப்படியே.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 7.40
அப்படியானால் ஸ்பிரிங் இல்லை. இரண்டு பக்கமும் கனக்கிறது என்றால் எதுவோ போல்ட்டை உரசுகிறது. இன்றைக்கு மாட்டினது என்பதற்காக ட்ரிகர் மேல் பழியைப் போட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.
துப்பாக்கியின் மரக் கட்டையிலிருந்து குழலையும், போல்ட் ஓடுகிற ரிசீவரையும் வெளியே எடு. ட்ரிகர் அப்படியே இருக்கட்டும். போல்ட்டை மட்டும் போட்டுப் பார்.

சித்தி (தஞ்சாவூர்), காலை 7.52
ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்திரமாகச் செய் கண்ணா.

தம்பி (கால்கரி), காலை 8.03
பெரியப்பா! கட்டையை எடுத்ததும் வெண்ணெய் மாதிரி போகிறது. பழைய இரண்டு விரல் போதும்.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 8.05
நல்ல செய்தி. ட்ரிகர் மேல் குற்றமில்லை. இனி கட்டை, அல்லது கட்டையைப் பிடிக்கிற திருகு, இரண்டில் ஒன்று.
முதலில் கட்டை. புதிய ட்ரிகரின் கூடு பழையதைவிடப் பருமனாக இருக்கலாம். மரத்தில் முட்டினால் திருகை இறுக்கும்போது கூடு நெளியும், சுடாமல் தடுக்கிற சேஃப்டி நெம்பும் சிக்கும். கூட்டின் பக்கங்களில் மெல்லியதாக ஏதாவது சாயம் பூசி, கட்டையில் வைத்து எடு. எங்களிடம் மார்க்கிங் புளூ இருந்தது. உன்னிடம் என்ன இருக்கும்?

அக்கா (எட்மண்டன்), காலை 8.06
வீட்டுக்காரியின் லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொள், நான் வேறு வாங்கித் தருகிறேன்.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 8.07
அதுவே போதும். மரத்தில் அடையாளம் நன்றாக விழும்.

தம்பி (கால்கரி), காலை 8.24
பூசி வைத்து எடுத்தேன். சேஃப்டி நெம்பின் பக்கம் மட்டும் மரத்தில் ஒரு பொட்டு விழுந்திருக்கிறது. வேறெங்கும் இல்லை.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 8.26
அந்தப் பொட்டு அளவுக்கு மட்டும் மரத்தைச் சுரண்டு. உளி வேண்டாம், குச்சியில் சுற்றிய உப்புத்தாள் போதும். ஆனால் போல்ட் இறுகுவதற்கு அது காரணமாக இருக்காது. மறுபடி மாட்டி, முன் திருகை மட்டும் அரைச் சுற்று தளர்த்திப் போல்ட்டைத் திருப்பிப் பார்.

தம்பி (கால்கரி), காலை 8.49
அரைச் சுற்றில் பாதி லேசாகிவிட்டது. ஒன்றரைச் சுற்று தளர்த்தியதும் முழுக்க விட்டுவிட்டது!

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 8.50
முன் திருகு எங்கிருந்து வந்தது? பழையதா?

தம்பி (கால்கரி), காலை 8.52
இல்லை பெரியப்பா. பழைய திருகின் தலை தேய்ந்துபோயிருந்தது. ட்ரிகர் வாங்கும்போதே புதிய திருகும் வாங்கினேன். அதைச் சொல்லத் தோன்றவில்லை.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 8.58
அதுதான். போல்ட்டின் முன்னால், அதைப் பூட்டுகிற பல் மாதிரி இரண்டு லக் இருக்கிறது அல்லவா? கைப்பிடி மேலே இருக்கும்போது அவை பக்கவாட்டில் நிற்கும். மூடும்போது ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் திரும்பும். முன் திருகு நீளமாக இருந்தால் அதன் நுனி ரிசீவருக்குள் எட்டிப் பார்க்கும், கீழே வருகிற லக் அதில் ஏறி உரசும். அதனால்தான் தள்ளும்போது சுகமாக இருந்து, திருப்பும் கடைசியில் மட்டும் கனத்தது. தூக்கும்போது ஆரம்பத்தில் கனத்ததும் அதனால்தான். போல்ட்டை எடுத்துக் கீழ் லக்கைப் பார்.

தம்பி (கால்கரி), காலை 9.01
படம் அனுப்புகிறேன். லக்கில் பளபளவென்று ஒரு கோடு. திருகின் நுனியிலும் ஒரு பக்கம் மினுங்குகிறது.

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 9.06
கோட்டை நகத்தால் வருடிப் பார். பள்ளம் தட்டினால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுடாதே. வெறும் மினுக்கம்தான் என்றால் பயமில்லை.
இனி கணக்கு. அந்தத் திருகில் அங்குலத்துக்கு 28 புரி. 25.4-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 0.9 மி.மீ. ஒன்றரைச் சுற்றில் விட்டது என்றால் 1.4 மி.மீ. கூடுதல். இடைவெளியும் வேண்டும், ஆகவே நுனியில் 2 மி.மீ. குறை. திருகில் முதலில் ஒரு நட்டை ஏற்று, அப்புறம் அரத்தால் ராவு. முடிந்ததும் நட்டைக் கழற்றினால் நசுங்கின முதல் புரியை அதுவே நிமிர்த்தும்.

தம்பி (கால்கரி), காலை 9.08
பள்ளம் இல்லை, நகம் வழுக்குகிறது. சியருக்கு வேண்டாம் என்றீர்கள், இதற்கு அரம் போடலாமா?

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 9.10
திருகு கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அதனால் போடலாம். ஆனால் கழற்றி, துப்பாக்கியிலிருந்து தள்ளி வைத்து ராவு. இரும்புத் தூள் ட்ரிகருக்குள் போகக்கூடாது.

தம்பி (கால்கரி), காலை 9.47
முடிந்தது. இரண்டு திருகையும் முழுசாக இறுக்கி மூடினேன். பழையபடி இரண்டு விரல்!

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 9.49
சந்தோஷம். ஆனால் முடியவில்லை. சேம்பரை மறுபடி பார். போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை நன்றாக இழு. விரலை எடு. அப்புறம் சேஃப்டியை விடு. அப்போது ஃபயரிங் பின் விழக்கூடாது. அதற்கப்புறம் போல்ட்டை வேகமாக, பலமாக அடித்து மூடு. அப்போதும் விழக்கூடாது. கடைசியில் கட்டையில் தோளில் பதிகிற அடியை ரப்பர் சுத்தியால் தட்டு. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. ஒரு தடவை விழுந்தாலும் ட்ரிகரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

தம்பி (கால்கரி), காலை 10.08
முப்பது தடவையும் நின்றது. ஒன்றுகூட விழவில்லை.

அத்தான் (எட்மண்டன்), காலை 10.10
நவம்பரில் இங்கே மைனஸ் இருபது போகும். ட்ரிகருக்கு எண்ணெய் விடலாமா மாமா?

பெரியப்பா (திருவெறும்பூர்), காலை 10.13
ட்ரிகருக்குள் வேண்டாம் மாப்பிள்ளை. குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டால் சியர் மெதுவாக எழும், பிடிக்காமலும் போகலாம். உலர்ந்தே இருக்கட்டும். லக்கின் பின்முகத்திலும், காக்கிங் பீஸ் ஏறுகிற சரிவிலும் மட்டும் ஒரு பொட்டு கிரீஸ், குளிர் தாங்குகிற வகையாகப் பார்த்து.
தம்பி, தேய்ந்த பழைய திருகைத் தூக்கிப் போடாதே. சரியான நீளம் அதில்தான் இருக்கிறது. அளந்து, ஒரு சீட்டில் எழுதி, அதோடு சேர்த்து டப்பாவில் போடு.

தம்பி (கால்கரி), காலை 10.15
குப்பையிலிருந்து எடுத்துவிட்டேன் பெரியப்பா. இதோ அளக்கிறேன்.