கால் முறிந்த குழந்தையை வீட்டுக் காப்பகத்தில் விடுவது: இங்கிலாந்துக்குப் புதிதாகச் சென்றிருப்பவர்களுக்கு

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சென்ற மாதம் மான்செஸ்டருக்குக் குடிபோன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய இரண்டு வயது மகள், பகலில் விட்டுச்செல்லும் சைல்டுமைண்டர் (தம் வீட்டிலேயே காசு வாங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர்) வீட்டில் சறுக்கிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்து, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். கணவன், மனைவி இருவருக்கும் விடுப்பு முடிந்துவிட்டது. கட்டோடு இருந்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று காப்பாளர் சொல்கிறார். ஊரிலிருக்கும் அப்பத்தாவோ, குழந்தையை உடனே விமானத்தில் மதுரைக்குக் கொண்டுவந்துவிடும்படி தினமும் அழுகிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் பதிவு பெற்ற சைல்டுமைண்டராக என் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துவிட்டு, இப்போது மதுரைக்குத் திரும்பி வந்து எஸ்.எஸ். காலனியில் இருக்கிறேன். கட்டுப் போட்ட குழந்தைகளையும் வைத்துப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: அந்தக் காப்பாளரிடமே விடுங்கள். ஆனால் வாய்ப்பேச்சை நம்பி விடாதீர்கள். குழந்தையின் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அனைத்தும் அவருக்கும், அவருக்குத் தெரிந்தது அனைத்தும் உங்களுக்கும் எழுத்தில் வந்து சேர வேண்டும். நம் ஊரில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, "லேசா விழுந்துச்சு, ஒண்ணுமில்லம்மா" என்று அவர்கள் சொன்னால், மேற்கொண்டு கேட்பது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொள்வோம். அங்கே அந்த மரியாதை குழந்தைக்கு உதவாது. கேட்பதை எந்தக் காப்பாளரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் அப்பத்தாவின் கவலைக்குப் பதில் சொல்லிவிடலாம். நடை பழகும் வயதில், அதாவது ஒன்பது மாதத்திலிருந்து மூன்று வயது வரை, கீழ்க்கால் எலும்பில் வரும் இந்தக் கீறல் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. கால் முறுக்கிக்கொண்டு சாதாரணமாக விழுந்தாலே வந்துவிடும். சில சமயம் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல், ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடுக்கும் படத்தில்தான் தெரியும். எலும்பு இடம் விலகியிருக்காது. கட்டோ பூட்ஸ் போன்ற காலணியோ போட்டு அசையாமல் வைத்தால் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் கூடிவிடும். மதுரைக்குக் கொண்டுவந்தால் இதைவிட வேகமாகக் கூடப்போவதில்லை. கட்டுப் போட்டவுடன் பறப்பதும் சரியில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கட்டுப் போட்டு 48 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் கூறும் அறிவுரை. உள்ளே வீக்கம் ஏறினால் கட்டு இறுக்கிப் பிடித்துவிடும் என்பதே காரணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் போட்டு நீவி, உளுந்து மாவும் முட்டையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் வைத்தியர்களிடம் போகும் வழக்கம் நம் வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். இடம் விலகாத கீறலுக்கு வேண்டியது அசையாமை. அதை நீவினால் விலகாதது விலகும். வீடியோவில் பார்த்து, "கட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெய் விட்டுவிடு" என்று அம்மாச்சியோ அப்பத்தாவோ சொன்னால், மருத்துவர் சொல்லாமல் கட்டில் கை வைக்கக் கூடாதென்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லிவிடுங்கள். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு இருக்கட்டும். பொடி, லேகியம் என்று பொட்டலம் கட்டிக் காப்பாளரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இனிக் காப்பாளரின் வீடு. இங்கிலாந்தில் தனியாக வேலை பார்க்கும் சைல்டுமைண்டர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகள் வரை பார்க்கலாம்; அவர்களில் பள்ளி வயதுக்கு வராத சிறு குழந்தைகள் பொதுவாக மூன்று பேர்; ஒரு வயது நிரம்பாதது ஒன்று. இந்தக் கணக்கு உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், உங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது கைக்குழந்தை ஒன்று கீழே தனியாக இருக்கலாம். ஆகவே, உங்கள் மகள் இருக்கும் நாட்களில் வேறு எந்தெந்தக் குழந்தைகள் வருகிறார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய பிள்ளைகளை அழைத்துவரப் போகும்போது இவளை எப்படிக் கூட்டிச் செல்வார், கட்டுப் போட்ட காலோடு தள்ளுவண்டியிலும் கார் இருக்கையிலும் வார் சரியாகப் பொருந்துகிறதா, திடீரென்று இவளை மருத்துவமனைக்குக் கொண்டு போக நேர்ந்தால் மற்றவர்களை யார் பார்ப்பார் என்ற நான்கையும் முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். நல்ல காப்பாளர் இவற்றுக்கு ஏற்கெனவே பதில் வைத்திருப்பார். பதில் இல்லாமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், முதல் வாரத்துக்கு மட்டும் நீங்கள் இருவரும் அரை நாள் அரை நாளாக விடுப்புக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அவர் கையில் நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு பக்கத் தாள். என்ன முறிவு, எந்தக் கால், கட்டுப் போட்ட தேதி, அடுத்து எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போக வேண்டிய தேதி, காலை ஊன்றலாமா கூடாதா என்று மருத்துவர் சொன்னது, மருத்துவமனைத் தொலைபேசி எண், நீங்கள் இருவரும் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய மூன்றாவது ஆள். ஊன்றுவது பற்றி மருத்துவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். அப்படி எழுதாவிட்டால், வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் காப்பாளர் பயந்துபோய் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார். கூடாது என்று சொல்லியிருந்தும், குழந்தை எழுந்து நின்றதும் மகிழ்ந்து கைதட்டுவார். இரண்டுமே குழந்தைக்கு நல்லதல்ல.

கட்டைப் பார்க்கும் முறையை இருவரும் ஒன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கால் விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா, அசைக்கிறாளா, வீங்கியிருக்கின்றனவா என்று காலையில் விடும்போதும் மாலையில் அழைக்கும்போதும் இருவருமாகப் பாருங்கள். நிறம் மாறுவது வெள்ளைத் தோலில் சட்டென்று தெரியும். நம் குழந்தைகளின் கறுத்த தோலில் தெரியாது. அதனால் நகத்தை மெதுவாக அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் இரத்தச் சிவப்புத் திரும்ப வேண்டும். இதை அந்தக் காப்பாளருக்கு நீங்களே காட்டிக்கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணை வைத்து உயர்த்த வேண்டும். மருந்து கொடுத்த பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், விரலை நாம் அசைத்துப் பார்க்கும்போது வீறிட்டு அழுதால், விரல் சில்லென்றோ நீலமாகவோ ஆனால், மாலை வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். கட்டு ஈரமாகி நெகிழ்ந்தாலும், உள்ளிருந்து கெட்ட வாடை வந்தாலும் கட்டுப் போட்ட இடத்துக்கு அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

ஈரமும் மணலும்தான் பகல் நேரத்தின் பெரிய எதிரிகள். மணல்தொட்டியும் தண்ணீர் விளையாட்டும் கட்டுப் பிரிக்கும்வரை வேண்டாம். அரிக்கிறதென்று பென்சிலோ பின்னல் ஊசியோ உள்ளே விடக் கூடாது. தோல் கிழிந்தால் யாருக்கும் தெரியாமல் உள்ளே புண்ணாகும். குளியலுக்குப் பதிலாகத் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள். இறுக்கமான கால்சட்டைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன பருத்திப் பாவாடைகளை அனுப்புங்கள். அணையாடை மாற்றுவதற்கும் அதுவே எளிது.

பகல் பொழுது எப்படிப் போகும் என்பதையும் பேசுங்கள், ஏனென்றால் வலி இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். ஓட முடியாத கோபம் வாரக்கணக்கில் இருக்கும். தரையில் பாய் விரித்து எல்லாக் குழந்தைகளையும் அவளைச் சுற்றி உட்கார்த்தினால் அவள் தனியாகிவிட மாட்டாள். மாவு பிசைவது, ஒட்டுப்படம், பெரிய அட்டையில் வண்ணம் தீட்டுவது எல்லாம் நன்றாக நடக்கும். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கிய மரச் சொப்புச் சாமான்களையும் கொடுத்தனுப்பலாம், ஆனால் சின்ன மூடிகளையும் கரண்டிகளையும் எடுத்துவிட்டுத்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் கழிக்கச் சொல்லிப் பழகிய குழந்தை மறுபடி நனைத்துக்கொள்ளும், தூக்கத்தில் அழும், உங்களை விட்டுப் பிரியும்போது முன்பைவிட அதிகமாக ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் காப்பாளர் வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அடிபட்ட குழந்தைகள் செய்வதுதான்.

மருந்து விஷயத்தில் நான் மிகவும் அஞ்சுவது, மதுரையிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோகும் பாராசிட்டமால் புட்டியைத்தான். அங்கே சிறு குழந்தைகளுக்கு விற்கும் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 7.5 மில்லி, அதாவது 180 மில்லிகிராம். நம் ஊரில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கும் சிரப்பும் உண்டு, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தும் உண்டு. காப்பாளர் தமக்குப் பழகிய 7.5 மில்லியை அந்தச் சொட்டு மருந்திலிருந்து ஊற்றினால் குழந்தையின் உடம்பில் 750 மில்லிகிராம் போய்விடும். ஆகவே காப்பகத்துக்கு இங்கிலாந்தில் விற்கும் மருந்தை, அட்டைப்பெட்டியோடும் அதற்குரிய அளவுக் கருவியோடும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் உங்கள் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவர் கொடுக்கக் கூடாது. கொடுத்த ஒவ்வொரு முறையையும் எழுதி வைத்து அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் பங்குக்கு, காலையில் வீட்டில் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் இல்லை. ஆஸ்பிரின் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

விபத்து நடந்த அன்று காப்பாளர் எழுதிய பதிவை வாங்கிப் படித்தீர்களா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். கையெழுத்துப் போட்டதாகவும் படிக்கவில்லை என்றும் சொன்னார். படியுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி விழுந்தாள், யார் பார்த்தார், என்ன முதலுதவி என்பது அதில் இருக்கும். எலும்பு முறிவு போன்ற பெரிய காயம் என்றால் காப்பாளர் பதினான்கு நாளுக்குள் காப்பகங்களைக் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர்க் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும். "பாவம், அவருடைய பிழைப்பைக் கெடுக்க வேண்டாம், எழுதாமல் விட்டுவிடுங்கள்" என்று இரக்கப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். தெரிவித்ததற்காக அவருடைய சைல்டுமைண்டர் பதிவு போய்விடாது; மறைத்தால்தான் அதற்கு ஆபத்து.

மருத்துவமனையிலும் ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் கேட்பார்கள். உங்களைச் சந்தேகிக்கிறார்கள் என்று கலங்காதீர்கள். சிறு குழந்தைக்கு எலும்பு முறிந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலநிறத் திட்டு இருக்கும். அது அடிபட்ட தழும்பு போலத் தோன்றும் என்பதால், குழந்தையின் சிவப்பு நிற உடல்நலப் புத்தகத்தில் அதைக் குறித்துத் தரும்படி மருத்துவரிடமோ, சிறு குழந்தைகளின் நலத்தைக் கவனிக்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டரிடமோ கேட்டு வாங்கி, காப்பாளருக்கும் காட்டிவிடுங்கள். வீட்டில் விழுந்து முட்டி சிராய்த்திருந்தாலும் காலையில் விடும்போதே சொல்லி அவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையில் வெள்ளிக்காப்பு, காலில் கொலுசு போட்டு விடுபவர்கள், கை காலில் அடிபட்டவுடன் வீக்கம் ஏறும் முன் அவற்றைக் கழற்ற வேண்டும் என்பதையும், அது எப்படிக் கழலும் என்பதையும் காப்பாளருக்குச் செய்து காட்டுங்கள்.

நம் ஊர்க்காரர் ஒரு அக்கா வீட்டில் வைத்துப் பார்க்கிறார், நம் சாப்பாடு கொடுக்கிறார், கட்டணமும் குறைவு என்று பலர் அங்கே விடுகிறார்கள். இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு தம் வீட்டில் பார்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்று மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்திருப்பார், காப்பீடும் வைத்திருப்பார். பதிவில்லாத அக்கா எவ்வளவு பாசமானவராக இருந்தாலும், அடிபடும் நேரத்தில் ஆம்புலன்ஸை அழைக்கவே தயங்குவார், தாம் பார்ப்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில். பாசத்தை மதியுங்கள், பதிவு செய்யும்படி அவரை வற்புறுத்துங்கள், அதற்குமுன் குழந்தையை விடாதீர்கள். 999 என்ற எண் நம் 108 போலத்தான், அழைப்பதற்குக் காசில்லை. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111.

கட்டுப் பிரிக்கும் நாளில் அந்த இயந்திரத்தின் சத்தத்துக்குத்தான் குழந்தை அழுவாள். அது தோலை வெட்டாது. பிரித்த கால் மெலிந்து, தோல் உரிந்து, காய்ந்து இருக்கும். தேங்காய் எண்ணெயை மேலாகத் தடவலாம். அழுத்தி நீவ வேண்டாம். சில வாரங்கள் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். மறுநாள் காப்பகத்தில் விடும்போது, சறுக்கும் குதிக்கும் விளையாட்டும் எப்போதிலிருந்து ஆடலாம் என்று மருத்துவர் சொன்ன தேதியை அந்தப் பழைய தாளின் கீழேயே எழுதிக் கொடுங்கள்; சாய்ந்த நடை குறையாமல் கூடினாலோ காலை ஊன்ற மறுத்தாலோ உங்களுக்கு உடனே சொல்லும்படி காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.