சேம்பர் பேக்கிங் மூன்று தடவை மாற்றின கதை

குலசேகரம், ஜீப்காரர்:

எங்கள் வீட்டில் 1994 மாடல் டீசல் ஜீப் ஒன்று நிற்கிறது. ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்ற அப்பா வாங்கியது. நிற்கிற இடமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் சொட்டும். முற்றத்தில் புதுக் கல் பதித்ததும் அம்மா சொல்லிவிட்டார்: "வண்டிய ரோட்டுல போடு, இல்லன்னா நீயும் அதுலயே படுத்துக்க."

முதல் தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சேம்பர் என்பது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி; அதன் விளிம்பில் கசியாமல் வைக்கிற பேக்கிங் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். பதினைந்தே நாளில் மறுபடி சொட்டு. திரும்பக் கொண்டு போனால் இன்னொரு பேக்கிங்கைப் போட்டு, இந்த முறை போல்ட்டையெல்லாம் முறுக்கு முறுக்கென்று முறுக்கி அனுப்பினார்கள். வினையே அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் அருமனைப் பக்கத்து மெக்கானிக் ஆசான் ஒருவரைக் கூட்டி வந்தேன். எழுபது வயது இருக்கும். வந்தவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. எஞ்சினை மேலிருந்து கீழ்வரை டீசல் விட்டுக் கழுவித் துடைத்தார். காய்ந்ததும் முகத்துக்குப் போடுகிற பவுடரை வாங்கிச் சுற்றிலும் தூவினார். "ஸ்டார்ட் பண்ணி விடு மக்கா, எங்க நனையுதுன்னு பாப்போம்."

சேம்பர் ஓரம் நனைந்தது உண்மைதான். ஆனால் மேலே எஞ்சின் தலைமூடியான டேப்பட் கவரிலிருந்தும் ஒரு கோடு இறங்கி வந்தது. ஆசான் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று வந்தது. எஞ்சினுக்குள் சேருகிற காற்று வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றினால் உள்ளே கரியும் பசையுமாக அடைப்பு. பழைய எஞ்சினில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற வழியில்லை என்றால் பேக்கிங், சீல் என்று கிடைத்த சந்தில் ஆயிலைத் தள்ளும். இரண்டு ஒர்க்‌ஷாப் பில் கட்டியும் இதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை!

சேம்பரை இறக்குவதுதான் பெரும்பாடு. முன் ஆக்சில் நேர் கீழே குறுக்கே கிடக்கிறது. சேசிஸை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தொங்க விட்ட பிறகுதான் சேம்பர் வெளியே வந்தது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஆயிலை எஞ்சின் சூடு இருக்கும்போதே வடித்துவிட்டோம். அப்போதுதான் கசடும் சேர்ந்து வரும்.

உள்ளே பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஆயில் உறிஞ்சுகிற சல்லடையில் சிலிகான் பேஸ்ட் துண்டு துண்டாக, புழு போல ஒட்டிக்கொண்டிருந்தது. பேக்கிங்குக்கு இருபுறமும் கண்டபடி அப்பினால் பிதுங்கினது உள்ளே அறுந்து விழும். சல்லடை முழுதும் அடைத்திருந்தால் ஆயில் பிரஷர் போய் பேரிங்கே காலி. சொட்டுக்குப் பயந்து எஞ்சினைத் தொலைக்க இருந்தேன்.

சேம்பரோ தகரம். அதிகம் முறுக்கியதில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு மேல்நோக்கி எழும்பி நின்றது. ஓட்டைப் பக்கம் கார்க் பேக்கிங் நசுங்கிப் பிளந்துவிட்டது, நடுவில் பிடிப்பே இல்லை. ஆசான் விளிம்பை மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஸ்கேல் வைத்துப் பார்த்துப் பார்த்து நேராக்கினார். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்பேன்.

சிலிகான் நான்கு மூலைக்கு மட்டும், மெல்லிய கோடாக. போல்ட்டை முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கும் மறுக்குமாக, சின்ன ஸ்பானரில் மணிக்கட்டு பலம் மட்டும். கார்க் லேசாகப் பிதுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஆயில் வடிக்கிற டிரெயின் பிளக்குக்குப் புது செம்பு வாஷர். ஒரு ராத்திரி அப்படியே காய விட்டோம். மறுநாள் ஆயில் ஊற்றி, எஞ்சின் பிடித்துவிடாமல் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி செல்ப் அடித்து, பிரஷர் முள் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்தோம். பழைய ஆயிலை சென்ட்ரிங் வேலைக்காரர் ஒருவர் பலகைக்குப் பூச வாங்கிப் போனார்.

ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. முற்றம் சுத்தம்.

குளச்சல், போட்காரர்:

உங்களுக்கு அடியில் படுக்க இடமாவது இருக்கிறது அண்ணே! போட்டில் எஞ்சினுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் கை நுழையாது. செயின் பிளாக் போட்டு எஞ்சினையே தூக்க வேண்டும். அதனால் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம் வரை சொட்டோடுதான் ஓட்டம். எனக்குப் போன தடவை பேக்கிங் நன்றாகவே இருந்தது. உப்புத் தண்ணீர் கிடந்து சேம்பரின் அடி அரித்து, ஊசி ஓட்டை விழுந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பார்த்த பிறகே கண்டுபிடித்தோம்.

தக்கலை, டெம்போ வைத்திருப்பவர்:

அண்ணே, எனக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டுகிறது. சேம்பரை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கவா?

குலசேகரம், ஜீப்காரர்:

அவசரப்படாதீங்க தம்பி. முதலில் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க, செலவே இல்லை. பிறகு சொட்டுகிறதைத் தொட்டு மோந்து பாருங்க. கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், வேலை வேறு. கறுப்பாக எஞ்சின் ஆயில்தான் என்றால் எஞ்சின் பின்பக்கம் ஆயிலைத் தடுக்கிற கிராங்க் சீலாக இருக்கலாம். அதற்கு கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், சேம்பர் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் காசுதான் போகும். பவுடர் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்க.